வேலையில்லா நேரத்திலும் கூலி கேட்கும் கருவிகள்

தோட்டத்து மூத்தோர் பலருக்கு இது நினைவிருக்கும். அந்தி சாய்ந்ததும் இயந்திரக் கொட்டகையில் டீசல் இயந்திரம் உறுமத் தொடங்கும். லயத்து வீடுகளில் ஒற்றை விளக்கு எரியும். இரவு குறிப்பிட்ட நேரம் வந்ததும் இயந்திரம் நிறுத்தப்படும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. அந்நாளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது எப்படி என்று எவரும் கேட்டதில்லை. வீணாக்குவதற்கு மின்சாரமே இல்லை.

நம் நாட்டின் மின்சார வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரில் உள்ள ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்த வழி செய்தவர்கள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 1990இல் அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றது. இவ்வாறு படிப்படியாக வளர்ந்த மின்சாரம் இன்று நம் இல்லங்களுக்கும் தோட்ட அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் கூட்டுறவுக் கடைக்கும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கின்றது.

எந்நேரமும் கிடைக்கும் பொருளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது எந்நேரமும் செலவாகிக்கொண்டே இருக்கலாம். நாம் அதை அறியாமலும் இருக்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். இம்மாதப் பாடம் அந்த அளவைப் பற்றியதே. குறிப்பாக, நாம் வேலை செய்யும் இடங்களில் உள்ள அலுவலகக் கருவிகள் எவ்வளவு மின்சாரம் உண்கின்றன, அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதைக் காண்போம்.

ஒரு கூட்டமும் ஒரு கேள்வியும்

சில மாதங்களுக்கு முன்னர் நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்திற்குப் பணியின் பொருட்டுச் சென்றிருந்தோம். அன்று மாலை அங்குள்ள தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயற்குழு கூடியது. எங்களையும் அமரச் சொன்னார்கள். சங்கத்தின் சிறிய அலுவலகமும் அதையொட்டிய மண்டபமும் ஒரே மீட்டரில் இணைந்தவை. மண்டபத்தில் வாரம் மூன்று நாள் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடைபெறுகின்றது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து இன்று ஆசிரியராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஊதியம் பெறாமல் அதை நடத்தி வருகின்றார்.

அன்றைய கூட்டத்தின் பொருள், மின்சார பில் கூடிக்கொண்டே போகின்றது என்பதாகும். செலவைக் குறைக்க ஒரு வழி முன்மொழியப்பட்டது. அடுத்த மாதம் முதல் மாலை வகுப்பை நிறுத்திவிடுவது என்பதே அவ்வழி.

பால்மரம் சீவும் தாய் ஒருவர் எழுந்தார். "விடியுமுன்னே மரத்துக்குப் போறோம், ஐயா. ராத்திரி பிள்ளைங்க புத்தகத்தை விரிக்கிறப்போ எங்களுக்குக் கண்ணு சொருகுது. சொல்லிக்கொடுக்கவும் தெரியாது. வகுப்பை நிறுத்திட்டா இந்தப் பிள்ளைங்க எங்கே போவாங்க?" என்று கேட்டார்.

தலைவர் தலை கவிழ்ந்தார். "எங்களுக்கும் மனசில்லைம்மா. ஆனா பில்லைக் கட்டியாகணுமே" என்றார். முடிவு ஒரு வாரத்திற்கு ஒத்தி வைக்கப்பட்டது.

கூட்டம் கலைந்து நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அலுவலக அறை பூட்டிக் கிடந்தது. எனினும் சன்னல் வழியே நீலமும் சிவப்புமாகச் சிறு விளக்குகள் மின்னின. கணினியின் உள்விசிறி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வாசலில் அமர்ந்திருந்த முதிய ஜாகா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ராத்திரி முழுக்க நான் முழிச்சிருக்கேன், ஐயா, அதுக்குச் சம்பளம் தர்றாங்க. இந்தப் பெட்டிங்களும் முழிச்சுக்கிட்டே இருக்கு. அதுங்க எதைக் காவல் காக்குதுன்னுதான் தெரியலை" என்றார்.

அப்பெரியவர் விளையாட்டாகக் கூறிய சொல்லில் அன்றைய கூட்டத்திற்கான விடை இருந்தது. அதை அளந்து பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

வாட் என்பது யாது? யூனிட் என்பது யாது?

அளப்பதற்கு முன் இரு சொற்களை அறிதல் வேண்டும்.

ஒரு கருவி மின்சாரத்தை எவ்வளவு வேகமாக உண்கின்றது என்பதைக் குறிப்பது வாட். கருவியின் பின்புறத்திலோ அடிப்புறத்திலோ ஒட்டியுள்ள தகட்டில் இவ்வெண் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அது அக்கருவி மிகுதியாக உண்ணக்கூடிய அளவு. வழக்கமான வேலையில் அதைவிடக் குறைவாகவே உண்ணும்.

ஒரு கருவி மொத்தத்தில் எவ்வளவு உண்டது என்பதைக் குறிப்பது யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதனையே கிலோவாட் மணி என்பர். நூறு வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். பத்து வாட் நூறு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான்.

இக்கடைசி வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். சிறிய கருவியாயினும் நெடுநேரம் ஓடினால் பெரிய கருவிக்கு ஈடாக உண்ணும். பில்லை உயர்த்துவது வாட் மட்டுமன்று, நேரமும் ஆகும்.

அலுவலக நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, மாதத்தில் வேலை நாள் 26 எனக் கொண்டால் வேலை நேரம் 208 மணியாகும். முப்பது நாள் கொண்ட மாதத்தில் மொத்தம் 720 மணி நேரம் உண்டு. எஞ்சிய 512 மணி நேரம் அலுவலகம் பூட்டிக் கிடக்கின்றது. அதாவது திறந்திருக்கும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் அது பூட்டிக் கிடக்கின்றது. அந்த 512 மணி நேரமும் கருவிகள் உண்டுகொண்டிருந்தால் அதன் விளைவு என்ன?

மீட்டர் சொன்ன செய்தி

மறுநாள் வகுப்பு இல்லாத நாள். மாலை ஏழு மணிக்குச் சங்கத்தின் கிராணிப் பெண்ணும் நாங்களும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டோம். மண்டபமும் அலுவலகமும் பூட்டப்பட்டன. வழக்கம்போல் கருவிகள் இருந்தவாறே இருந்தன. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் எண்ணைப் பார்த்தோம். பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று யூனிட் ஓடியிருந்தது.

ஒருவரும் இல்லாத, பூட்டிய அறையில் மூன்று யூனிட்! மூன்று யூனிட்டைப் பன்னிரண்டு மணியால் வகுத்தால் 250 வாட் வருகின்றது. அந்த 250 வாட் எங்கே போயிற்று என்று ஒவ்வொரு கருவியாகப் பார்த்தோம்.

அணைக்கப்படாத மேசைக் கணினிகள் இரண்டு. திரையோடு சேர்த்து ஒன்றுக்கு 70 வாட் வீதம் 140 வாட். பழைய ஒளிநகல் இயந்திரம் 40 வாட். அச்சுப்பொறி 10 வாட். வெந்நீரும் குளிர்நீரும் தரும் நீர்ப்பெட்டி, விட்டு விட்டுச் சூடேற்றியும் குளிர்வித்தும் சராசரியாக 50 வாட். வாசலில் எரியும் காவல் விளக்கு 10 வாட். ஆக மொத்தம் 250 வாட்.

இவற்றுள் காவல் விளக்கு தேவையானது. எஞ்சிய 240 வாட் எவருக்கும் பயனின்றிப் போனது. 240 வாட் 512 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு ஏறக்குறைய 123 யூனிட். கணக்கு எளிதாகும்பொருட்டு யூனிட் ஒன்றுக்கு 50 காசு எனக் கொள்வோம். மாதத்திற்கு 61 வெள்ளி 50 காசு. ஆண்டிற்கு 738 வெள்ளி.

இனி, குற்றம் சாட்டப்பட்ட மாலை வகுப்பின் கணக்கைப் பார்ப்போம். மண்டபத்தில் எல்.இ.டி. குழல் விளக்குகள் நான்கு. ஒன்றுக்கு 18 வாட் வீதம் 72 வாட். காற்றாடிகள் இரண்டு, ஒன்றுக்கு 70 வாட் வீதம் 140 வாட். மொத்தம் 212 வாட். வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மாதத்தில் பன்னிரண்டு நாள். ஆக 24 மணி நேரம். செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 5 யூனிட். அதன் விலை 2 வெள்ளி 50 காசு.

பிள்ளைகளின் படிப்பிற்கு மாதம் 2 வெள்ளி 50 காசு. பூட்டிய அறையில் சும்மா கிடந்த கருவிகளுக்கு மாதம் 61 வெள்ளி 50 காசு. நிறுத்தப்பட இருந்ததோ வகுப்பு.

செயற்குழுவினர் மீது பழி சொல்ல வேண்டியதில்லை. எரியும் விளக்கு கண்ணுக்குத் தெரிகின்றது. சுழலும் காற்றாடி கண்ணுக்குத் தெரிகின்றது. சத்தமின்றி உண்ணும் கருவி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தெரிந்ததன்மேல் பழி விழுந்தது. அளக்காமல் குறைக்கப் புகுந்தால் வேண்டியதை வெட்டி வேண்டாததை வளர்ப்போம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சும்மா இருக்கும் கருவி ஏன் உண்கின்றது?

மழை பெய்து மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் எடை இல்லை. அது நாம் அறிந்த கணக்கு. கருவிகளின் கணக்கு வேறு. அவை வேலை செய்யாத நேரத்திலும் தம் கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அதன் காரணங்களை அறிந்துகொண்டால் அவற்றை அடக்குவதும் எளிதாகும்.

லேசர் அச்சுப்பொறியும் ஒளிநகல் இயந்திரமும் மைத்தூளைத் தாளின்மேல் உருக்கி ஒட்டுகின்றன. அதற்கென உள்ளே ஓர் உருளை கடுஞ்சூட்டில் இருத்தல் வேண்டும். அடுத்த தாள் வந்தவுடன் அச்சிடுவதற்காகச் சில இயந்திரங்கள் அவ்வுருளையை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கின்றன. ஒருவரும் வராத இரவிலும் அது அடுத்த தாளுக்காகக் காத்திருக்கின்றது.

நீர்ப்பெட்டியின் கதையும் அதுவே. காய்ச்சிய நீர் ஆறுகின்றது. ஆறியதும் மீண்டும் காய்ச்சுகின்றது. குளிர்ந்த நீர் வெம்மையடைகின்றது, மீண்டும் குளிர்விக்கின்றது. குடிப்பார் எவருமின்றி இரவு முழுதும் இவ்விரு வேலையும் நடக்கின்றன.

கணினியோ, எழுதுவார் இல்லாதபோதும் விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்கின்றது. கணினியை முறைப்படி அணைத்த பின்னரும், சுவர்ச் சுவிட்ச் மூடப்படாவிட்டால், ஓரிரு வாட் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இத்தகைய காத்திருப்புச் செலவு உலகெங்கும் பெருகியதைக் கண்ட அனைத்துலக எரிசக்தி முகமை, கருவிகளின் காத்திருப்புச் செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என 1999இல் பரிந்துரைத்தது. இன்று வரும் புதிய கருவிகள் பல இதில் சிறந்தவை. ஆயினும் நம் அலுவலகங்களில் இருப்பவை எல்லாம் புதியவை அல்ல.

மூன்று தவறான எண்ணங்கள்

கிராணிப் பெண்ணிடம், "ஏனம்மா கணினியை அணைப்பதில்லை?" என்று கேட்டோம். அவர் கூறிய காரணங்கள் மூன்று. பல அலுவலகங்களிலும் இவை நிலவுவதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: "அடிக்கடி அணைத்தால் கணினி கெட்டுவிடும் என்று சொன்னார்கள், ஐயா." நாளுக்கு ஓரிரு முறை அணைத்து ஏற்றுவதால் கணினி கெடுவதில்லை. மாறாக, ஓயாமல் ஓடும் விசிறி தேய்கின்றது, தூசியை உள்ளே இழுக்கின்றது, சூடும் நீடிக்கின்றது.

இரண்டாவது: "மறுபடியும் ஏற்றும்போது அதிக மின்சாரம் இழுக்குமாம்." ஏற்றும் கணத்தில் சற்று மிகுதியாக இழுப்பது உண்மையே. ஆனால் அது ஒரு நொடிக்கும் குறைந்த நேரமே நீடிக்கும். இரவு முழுதும் ஓடும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அன்று.

மூன்றாவது: "திரையில் படம் ஓடும்படி வைத்திருக்கிறேன். அது மிச்சப்படுத்தாதா?" மிச்சப்படுத்தாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு திரையில் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே அசையும் படங்கள் வந்தன. அவை திரையைக் காத்தன, மின்சாரத்தைக் காக்கவில்லை. திரை ஒளிரும் வரையில் செலவு உண்டு.

நாம் செய்யக் கூடியவை

பெரிய செலவிலிருந்து தொடங்கிச் சிறிய செலவுக்கு வருவதே முறை. சூடேற்றும் கருவியும் குளிர்விக்கும் கருவியும்தாம் மிகுதியாக உண்பவை என்பதை நினைவிற் கொள்க. கைத்தொலைபேசியின் மின்னேற்றி மணிக்கணக்கில் சுவரில் இருந்தாலும் அது உண்பது மிகச் சொற்பம். அதைக் கழற்றிவிட்டு ஏர்கோனை ஓடவிடுதல் சிக்கனம் ஆகாது.

முதலில் ஏர்கோன் எனப்படும் குளிர்சாதனக் கருவி. ஒரு குதிரைத்திறன் கொண்ட கருவி தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய 800 வாட் இழுக்கும். அதனைப் 18 பாகையில் வைத்துவிட்டு மேலே கம்பளிச் சட்டை அணிவோர் உண்டு. 2011ஆம் ஆண்டில் நமது அரசாங்க அலுவலகங்களில் வெப்பநிலையை 24 பாகைக்குக் கீழே இறக்கலாகாது எனப் பணிக்கப்பட்டது. சப்பான் நாடு 2005ஆம் ஆண்டிலேயே கோடைக்கால அலுவலகங்களில் 28 பாகை வைக்கவும், கழுத்துப்பட்டையின்றி மெல்லிய உடை அணிந்து வரவும் ஊக்கமளித்தது. 24 பாகையில் வைத்துக் காற்றாடியையும் ஓடவிட்டால் உடலுக்கு இதமே. அலுவலகம் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏர்கோனை நிறுத்திவிடலாம். குளிர்ச்சி அதுவரை நிற்கும். நாளுக்கு அரை மணி என்றால் 26 நாளில் பத்து யூனிட் வரை மிச்சமாகும். கதவையும் சன்னலையும் மூடி வைப்பதும், அதன் வடிகட்டியை மாதந்தோறும் கழுவுவதும் வேண்டும். தூசி அடைத்த வடிகட்டி காற்றைத் தடுக்கும். கருவி வீணே உழைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கணினியும் அச்சுப்பொறியும் உண்ணும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகவே அறைக்குள் வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்ற ஏர்கோன் மேலும் மின்சாரம் உண்கின்றது. ஆகவே, ஏர்கோன் உள்ள அறையில் தேவையற்ற கருவி ஒன்றை அணைத்தால் இரு வகையில் மிச்சமாகின்றது.

அடுத்தது நீர்ப்பெட்டி. மாலையில் அதன் சுவிட்சை மூடுக; காலையில் வந்ததும் திறந்தால் சற்று நேரத்தில் வெந்நீர் ஆயத்தமாகும். ஒருவருக்கு ஒரு குவளை தேநீர்தான் தேவை எனில் கெண்டியில் அளவாகக் காய்ச்சிக்கொள்வது மேலும் சிக்கனம்.

கணினியில், ஆளில்லாமல் பத்து நிமிடம் கழிந்தால் திரை அணையும்படியும், அரை மணி கழிந்தால் கணினியே உறங்கும்படியும் அமைக்கலாம். கணினி பயில்கின்ற உங்கள் பிள்ளையே இதைச் செய்துவிடுவார். மதிய உணவிற்குச் செல்கையில் திரையை அணைத்துச் செல்க. மாலையில் செய்த வேலையைப் பதிவு செய்து, முறைப்படி மூடி, விசிறியின் ஓசை நின்ற பின்னரே சுவர்ச் சுவிட்சை மூட வேண்டும். ஓடும் கணினியின் சுவிட்சைத் திடீரென மூடலாகாது.

மை தெளிக்கும் வகை அச்சுப்பொறியாயின், அதன் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்த பிறகே சுவர்ச் சுவிட்சை மூடுக. அப்போதுதான் மைமுனை மூடிக்கொள்ளும்; இல்லையேல் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒளிநகல் எடுக்க வேண்டிய தாள்களைச் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் எடுத்தால் இயந்திரம் பலமுறை சூடேற வேண்டியதில்லை.

விளக்குகளில் பழைய 36 வாட் குழல் விளக்கு தன் இரும்புச் சோக்கோடு சேர்ந்து ஏறக்குறைய 45 வாட் உண்ணும். எல்.இ.டி. குழல் விளக்கு அதே வேலைக்கு 18 வாட் உண்ணும். பழையது பழுதானதும் புதியதை இடுதல் நலம்.

புதிய கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். குளிர்பதனப் பெட்டி, ஏர்கோன், காற்றாடி போன்றவற்றில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை இருக்கும். நட்சத்திரம் கூடினால் சிக்கனம் கூடும். ஐந்து நட்சத்திரமே உயர்ந்தது. கணினிகளுக்கு 1992 முதல் எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரை வழங்கப்பட்டு வருகின்றது. மேசைக் கணினிக்குப் பதிலாக மடிக்கணினி போதுமானால் அது பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும்.

அணைக்கலாகாதவை

சிக்கனம் என்ற பெயரால் அணைக்கவே கூடாத கருவிகளும் உண்டு. மருந்தகத்தில் இன்சுலின், தடுப்பு மருந்து முதலியவற்றை வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி, காவல் விளக்கு, திருட்டு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றைத் தொடலாகாது. அவற்றின் சுவிட்சின்மேல் சிவப்புத் தாளில் 'அணைக்காதீர்' என்று எழுதி ஒட்டுக. ஈரக் கையோடு எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். மின்பலகையைத் திறக்கும் வேலையைத் தேர்ந்த மின்பணியாளருக்கே விடுங்கள்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுவதால் வேறொரு நன்மையும் உண்டு. இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நமது நாடும் ஒன்று. மின்னல் விழும்போது கம்பி வழியே பாயும் மின்வீச்சு கணினியையும் அச்சுப்பொறியையும் கருக்கிவிடும். சுவிட்சை மூடினால் மட்டும் இதற்கு முழுக் காப்பு ஆகாது. பிளக்கைக் கழற்றிய கருவிக்கே காப்பு உண்டு. ஆனால் வானம் இருண்டு இடி தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும்.

முதலாளி கட்டும் பில்தானே?

தோட்ட அலுவலகத்தின் பில்லை நிர்வாகம் கட்டுகின்றது. அதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை இரண்டு.

முதலாவதாக, கூட்டுறவுச் சங்கம், கோயில், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றின் பில்லை நாமே கட்டுகின்றோம். சங்கத்தின் ஒவ்வொரு வெள்ளியும் உறுப்பினரின் வெள்ளியே. அலுவலகத்தில் பழகிய கை வீட்டிலும் பழகும். வீட்டில் பழகிய கை சங்கத்திலும் பழகும்.

இரண்டாவதாக, தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுவது. நிலக்கரி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகின்றது. எரிக்கப்படும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் மின்சாரம் ஆவதில்லை. பாதிக்கு மேல் வீணாகவே போகின்றது. ஆகவே நாம் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், மின்நிலையத்தில் அதைவிட இருமடங்கிற்கு மேற்பட்ட எரிபொருளை மிச்சப்படுத்துகின்றது. அப்பணமும் அக்காற்றும் எல்லாருக்கும் சொந்தம்.

மங்கில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாம் எறிந்துவிடுவதில்லை. அதையும் சுரண்டிச் சேர்த்து எடை போடுகின்றோம். சொட்டுச் சொட்டாகச் சேர்வதன் மதிப்பைத் தோட்டத் தொழிலாளருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வகுப்பு என்ன ஆயிற்று?

நாங்கள் புறப்படுமுன் அக்கணக்கை ஒரு தாளில் எழுதிச் சங்கத் தலைவரிடம் கொடுத்தோம். அன்று மாலை கிராணிப் பெண் எல்லாக் கருவிகளையும் முறைப்படி அணைத்துப் பிளக்கைக் கழற்றினார். காவல் விளக்கு மட்டும் எரிந்தது. மறுநாள் காலையில் மீட்டரைப் பார்த்தபோது கால் யூனிட்கூட ஓடியிருக்கவில்லை.

ஒத்தி வைக்கப்பட்ட கூட்டம் மறுவாரம் கூடியது. வகுப்பை நிறுத்தும் பேச்சு எழவில்லை என்று தலைவர் பின்னர் எங்களுக்குத் தெரிவித்தார். மாறாக, கடைசியாக வெளியேறுபவர் கதவில் தொங்கும் அட்டையில் கையொப்பம் இட வேண்டும் என்று முடிவாயிற்று. கணினி, அச்சுப்பொறி, ஒளிநகல் இயந்திரம், நீர்ப்பெட்டி, ஏர்கோன், விளக்கு என ஆறு வரிகள் கொண்ட அட்டை அது. இரவு ஒன்பது மணிக்குச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பொறுப்பை முதிய ஜாகா தாமே ஏற்றுக்கொண்டார்.

வாரத்தில் மூன்று மாலைகள் அம்மண்டபத்தில் நான்கு விளக்குகள் இன்றும் எரிகின்றன. அவை வேலை செய்து கூலி வாங்கும் விளக்குகள்.

பயிற்சி

1. உங்கள் சங்கத்திலோ வீட்டிலோ உள்ள மீட்டரை இன்றிரவு உறங்குமுன்னும் நாளைக் காலை எழுந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை யூனிட் ஓடியது? அதை ஆயிரத்தால் பெருக்கி, இடைப்பட்ட மணி நேரத்தால் வகுத்தால் எத்தனை வாட் வருகின்றது? அது எங்கெங்கே போயிற்று?

2. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை முதல் மின்சார பில்லில் மின்சக்தி, கொள்திறன், வலையமைப்பு, சில்லறைச் சேவை எனக் கட்டணங்கள் பிரித்துக் காட்டப்படுகின்றன. கணக்கில் குழப்பம் வேண்டா. செலுத்த வேண்டிய அந்த மாதத் தொகையை அந்த மாத யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். உங்கள் யூனிட் ஒன்றின் சராசரி விலை என்ன?

3. இரவெல்லாம் ஓடும் 40 வாட் கருவி ஒன்றை நாளுக்கு 15 மணி நேரம் அணைத்து வைத்தால் முப்பது நாளில் எத்தனை யூனிட் மிச்சமாகும்? யூனிட் 50 காசு எனில் எவ்வளவு பணம்?

மூன்றாம் கேள்விக்கு விடை: 18 யூனிட், 9 வெள்ளி. முதல் இரண்டின் விடை உங்கள் மீட்டரிலும் பில்லிலும் உள்ளது.